மின்சாரத்துக்கு மாற்றிய மாருதியில் பெரிய மோட்டார் போடுவது எப்படி

கும்பகோணம் பக்கத்தில் இருக்கிறேன். பழைய மாருதி 800 ஒன்றின் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, வீட்டுக் கொட்டகையிலேயே மின்சாரத்துக்கு மாற்றி மூன்று வருடம் ஆகிறது. முதலில் போட்டது 5 கிலோவாட் மோட்டார். கடைத்தெருவுக்கும் வயலுக்கும் போய்வர அது தாராளம். குடும்பத்தோடு நாலு பேர் ஏறித் தஞ்சாவூர் போய்வர ஆரம்பித்ததும் திணற ஆரம்பித்தது. மோட்டாரை மாற்ற இரண்டு வாரம் போதும் என்று நினைத்தேன், ஏழு மாதம் ஆனது. நான் வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதுதான் காரணம். எடுத்த எடுப்பில் மோட்டாரை வாங்கிவிட்டேன். கடைசியில் வாங்க வேண்டிய பொருள் அது. உங்களுக்கு அந்த ஏழு மாதம் வீணாக வேண்டாம் என்பதால், எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரம் மாறுகிற அளவுக்கு நம் இஷ்டத்துக்கு வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. மின்சாரத்துக்கு மாற்றுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் அது ஒப்புதல் பெற்ற கிட் வழியாக மட்டும்தான். ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தின் மூன்றாம் பகுதிப்படி அந்தக் கிட்டைச் சோதித்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்கள் இதைச் செய்கின்றன. கிட் செய்த நிறுவனம் அங்கீகரித்த பொருத்துநர்தான் அதைப் பொருத்தவும் வேண்டும்.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். ஒப்புதல் என்பது மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத் தரப்படுவது. ‘என் வண்டியில் ஏற்கெனவே ஒப்புதல் உள்ள கிட் இருக்கிறது, மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்’ என்றால், மாற்றிய அன்றே அந்தச் சான்று உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அபராதத்தைவிட எனக்குப் பெரிய பயம் இன்ஷூரன்ஸ். விபத்து நடந்த பிறகு, பாலிசியில் எழுதிய வண்டி இதுவல்ல என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

நான் செய்தது இதுதான். உடைப்புக்கு வந்த ஒரு மின்சாரக் காரின் இண்டக்‌ஷன் மோட்டாரை, நல்ல மோட்டார்தான், 38,000 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தபோது, “இதற்குக் கிட் சான்று எங்கே?” என்று கேட்டார்கள். இல்லை. பதிய முடியாது என்றார்கள். அவர்கள் மறுத்தது நியாயம்தான். அந்த மோட்டாரை மறுபடி ஒருவரிடம் விற்றுக் காசாக்கவே நாலு மாதம் போனது.

ஆகவே உங்கள் கிட் நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: என் வண்டி மாடலுக்கு, இதைவிடத் திறன் கூடிய மோட்டாரோடு உங்களிடம் ஒப்புதல் பெற்ற தொகுப்பு இருக்கிறதா? இருக்கிறது என்றால் ஒப்புதல் சான்றின் நகலை வாங்குங்கள். அதில் உங்கள் மாடல் பெயர் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள், போனில் சொல்வதை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். இல்லை என்று பதில் வந்தால் அடுத்த படியில் சொல்லியிருக்கும் சின்ன வேலைகளோடு நின்றுகொள்ளுங்கள். உங்கள் வண்டி முழுக்க முழுக்க வீட்டிலேயே கட்டியது, எந்த ஒப்புதலும் இல்லை என்றால், பெரிய மோட்டார் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அந்தப் பணத்தை ஒப்புதல் உள்ள கிட்டுக்கு மாறுவதில் போடுங்கள்.

வண்டிமேல் கடன் இருந்தால், கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மூன்று வாரம் ஆனது, அதனால் அதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

2. திணறுவது மோட்டார்தானா என்று பாருங்கள்

வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றதும் எல்லோரும் மோட்டாரைத்தான் குறை சொல்கிறார்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து பி.எம்.எஸ். (பேட்டரி செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை), ஃபியூஸ், கான்டாக்டர் (சாவி போட்டால் இணைக்கும் பெரிய மின்சுவிட்ச்), கேபிள், கன்ட்ரோலர் எல்லாம் கடந்துதான் மோட்டாருக்கு வருகிறது. இதில் எது சிறியதோ அதுதான் வண்டியின் அளவு.

என் பேட்டரி 24 எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள், 150 ஆம்பியர் மணி. செல்லுக்கு 3.2 வோல்ட் என்று 76.8 வோல்ட், முழுச் சார்ஜில் 87.6 வோல்ட். பி.எம்.எஸ். 150 ஆம்பியர் வரைதான் விடும். இது தெரிந்தும், ஒரு நாள் கன்ட்ரோலரின் எல்லையை 200 ஆம்பியராக ஏற்றிவிட்டேன். தஞ்சாவூர் போகிற வழியில் மேம்பாலத்தின் நடு ஏற்றத்தில் பி.எம்.எஸ். மொத்தமாகத் துண்டித்துவிட்டது. வண்டி அப்படியே நின்றது, பின்னால் பேருந்து. உள்ளே அம்மாவும் குழந்தைகளும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. கன்ட்ரோலரின் எல்லை எப்போதும் பி.எம்.எஸ். எல்லைக்குக் கீழேயே இருக்கட்டும்.

சோதனைக்கு டி.சி. (பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரம்) அளக்கும் கிளாம்ப் மீட்டர், அதாவது வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டர், ஒன்று போதும். கூட ஒருவரை உட்காரவைத்து அளவுகளைக் குறிக்கச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்க வேண்டாம். ஓய்வில் 79, 80 வோல்ட் காட்டும் பேட்டரி ஏற்றத்தில் 70-க்குக் கீழே விழுந்தால் குறை பேட்டரியில், அல்லது எங்கேயோ தளர்ந்திருக்கும் இணைப்பில். வோல்ட் விழாமல் நின்று, ஆம்பியர் ஒரே எண்ணில் முட்டிக்கொண்டு மேலே போகவில்லை என்றால் அது கன்ட்ரோலர் எல்லை. இரண்டும் ஒழுங்காக இருந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டியதும் மோட்டார் சூடு 110, 120 டிகிரி என்று ஏறிக்கொண்டே போனால் மட்டும் மோட்டார் சிறியது.

இன்னும் இரண்டு விஷயம், செலவே இல்லாதது. ஜாக்கி போட்டு நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய மாருதியில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது சாதாரணம். அப்புறம், கியர்பாக்ஸை வைத்திருப்பவர்கள் பலரும் மூன்றாம் கியரிலேயே ஊரைச் சுற்றுகிறார்கள். பாலம் ஏறும்போது இரண்டாம் கியருக்கு வாருங்கள். அதே ஏற்றத்துக்கு மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை குறையும், அதோடு அதன் ஆம்பியரும் குறையும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுகிறது, ஆம்பியர் இரண்டு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்கு. என் நண்பர் ஒருவருக்கு இந்த ஒரு பழக்கத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிட்டது, மோட்டார் மாற்றவே இல்லை.

3. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

மாருதி 800-இன் எஞ்சின் 37 குதிரைத்திறன், அதாவது சுமார் 28 கிலோவாட். ‘அப்படியானால் 28 கிலோவாட் மோட்டார் வேண்டும்’ என்று சொல்பவர்கள் உண்டு. தேவையில்லை. எஞ்சின் முழுத் திறனைத் தர வேகமாகச் சுழல வேண்டும், மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும். நம் டெல்டா தட்டையான பூமி வேறு. ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆட்களோடு சேர்த்து வண்டி 1,050 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் டயர் உராய்வுக்குச் சுமார் 155 நியூட்டன், காற்றுக்குச் சுமார் 110 நியூட்டன். கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தால் மோட்டார் அச்சில் 5 கிலோவாட்டை ஒட்டி வரும். இது சமதரையில், நிற்காமல் தொடர்ந்து. சமவெளிச் சாலைகளில் ஏற்றம் பொதுவாக 30-க்கு 1 என்ற சரிவுக்குள் இருக்கும்படி அமைப்பார்கள். அந்தச் சரிவில் 40 வேகத்தில் ஏற 7 கிலோவாட் அளவில் போதும், 60 வேகத்திலேயே ஏற வேண்டும் என்றால் 11-ஐத் தாண்டும்.

இப்போது என் 5 கிலோவாட் மோட்டார் ஏன் திணறியது என்று புரிகிறது. தஞ்சாவூர் போகும் 40 கிலோமீட்டரும் அது தன் முழு எல்லையிலேயே ஓடியிருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது தொடர்ச்சியாக 10 கிலோவாட், உச்சத்தில் 20. அதற்கு மேல் போட்டால் பணமும் எடையும்தான் கூடும். உச்சத்தில் 20 கிலோவாட் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 300 ஆம்பியர் போகும். செல்லின் விவரத்தாளில் அந்த அளவை எத்தனை நொடி தாங்கும் என்று பாருங்கள். எனக்குக் கிடைத்த தொகுப்பில் அதே செல்கள், பி.எம்.எஸ். மட்டும் 300 ஆம்பியருக்கு மாறியது.

4. பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உச்சத் திறன். நீங்கள் தேடவேண்டியது தொடர்ச்சித் திறன். பலகையில் எஸ்1 என்று இருந்தால் நிற்காமல் ஓடத் தாங்கும் அளவு. எஸ்2 என்று போட்டுப் பக்கத்தில் 60 நிமிடம், 30 நிமிடம் என்று இருந்தால் அவ்வளவு நேரத்துக்கு மட்டும். ‘20 கிலோவாட்’ என்று சொல்லி விற்ற ஒரு மோட்டாரின் பலகையில் எஸ்2, 5 நிமிடம் என்று நானே பார்த்தேன்.

சூடு தாங்கும் வகுப்பு எஃப் என்றால் 155 டிகிரி, எச் என்றால் 180. கத்திரி வெயிலில் நம் ஊர் வெளிச்சூடே 40-ஐ நெருங்கும்போது எச் வகுப்பு நிம்மதி. காந்தம் உள்ள மோட்டார் என்றால், சுருள் தாங்கினாலும் காந்தம் சூட்டில் வலுவிழக்கலாம், அதன் எல்லையையும் கேளுங்கள். தூசி, நீர்த் தடுப்பு ஐ.பி. 67 ஆக இருக்கட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது, அலுமினிய உடலும் கேபிள் நுழையும் இடங்களும் முதலில் அரிக்கும்.

பழைய கன்ட்ரோலரையே புது மோட்டாருக்கு வைத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். சுழற்சியை அறியும் சென்சார் ஒரு மோட்டாரில் ஹால், இன்னொன்றில் ரிசால்வர், இண்டக்‌ஷனில் என்கோடர். ஒன்றுக்கு ஒன்று ஒத்துவராது. இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

5. எப்போது வேலையைத் தொடங்குவது

சித்திரை, வைகாசி. சம்பா அறுவடை நேரத்திலும் குறுவை அறுவடை நேரத்திலும் லேத் பட்டறைகளில் அறுவடை இயந்திர உதிரிகள் குவிந்து கிடக்கும், உங்கள் வேலை வரிசையில் கடைசியில்தான் நிற்கும். ஐப்பசி அடைமழையில் மோட்டாரையும் கனெக்டரையும் திறந்து வைத்தால் ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

6. லேத் பட்டறை வேலை

முன்பே சொன்னபடி, பொருத்துவது அங்கீகாரம் பெற்ற பொருத்துநர்; கூட நின்று நீங்கள் கவனிக்க வேண்டியவை இனி வருபவை. மோட்டாரைக் கியர்பாக்ஸோடு பூட்டும் அடாப்டர் பிளேட்டும், இரண்டின் அச்சுகளையும் இணைக்கும் கப்ளரும் கிட்டோடு வந்துவிடும். ஆனால் உங்கள் கியர்பாக்ஸ் இருபது வருடம் ஓடியது. கழற்றியதும் முதலில் உள்அச்சின் ஸ்ப்லைன் பற்கள் தேய்ந்திருக்கிறதா, ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். சீல் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கியர் ஆயில் மோட்டாருக்குள் இறங்கினால் அப்புறம் பெரிய செலவு.

பிளேட்டைப் பிடித்துப் பொருத்தியதும் டயல் கேஜ் (மிகச் சிறிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் கருவி) வைத்து அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. என்னுடையது 0.2 காட்டியது. “தம்பி, இதை அப்படியே மாட்டினா பேரிங் ஆறு மாசம் தாங்காது” என்றார் பட்டறைக்காரர். பிளேட்டின் அடியில் பழைய பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். சுரண்டித் துடைத்து மறுபடி பூட்டினோம், 0.04-க்கு வந்தது. கப்ளருக்கும் கியர்பாக்ஸ் அச்சு முனைக்கும் நடுவே நிறுவனம் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று ஆழமானியால் அளந்துவிடுங்கள். முட்டிக்கொண்டு இருந்தால் சூடேறி நீளும்போது பேரிங்கைத் தள்ளும்.

மோட்டார் மவுன்ட் ரப்பர் புதிதாகப் போடுங்கள். நின்ற நிலையிலிருந்தே முழு விசை வருவதால் பழைய ரப்பர் கிழிந்துவிடும்.

7. கேபிள், ஃபியூஸ், கான்டாக்டர்

60 வோல்ட் டி.சி.க்கு மேல் போனால் ஆபத்தான மின்னழுத்தம் என்று வாகனத் தரங்களே வகுத்திருக்கின்றன. உங்கள் பேட்டரி 87 வரை போகும். மோதிரம், வளையல், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடுங்கள். பேட்டரியைத் துண்டித்த பிறகும் கன்ட்ரோலருக்குள் கெபாசிட்டர் சார்ஜோடு இருக்கும். மீட்டர் வைத்து, வோல்ட் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

கேபிள் 50 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டேன். கேபிள் நுனியில் லக் என்ற உலோக முனையை அழுத்திப் பொருத்த ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவிதான் வேண்டும், மின்வாரிய வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களிடம் இருக்கும், வாடகைக்குத் தருவார்கள். முதல் முறை கட்டியபோது ஒரு லக்கைச் சுத்தியலால் அடித்து வைத்திருந்தேன். கழற்றிப் பார்த்தபோது அதன் உறை உருகி ஒட்டியிருந்தது. தீப்பிடிக்காமல் போனது அதிர்ஷ்டம் மட்டுமே.

வீட்டு எம்.சி.பி.யை (மின்சாரம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) ஃபியூஸுக்குப் பதிலாகப் போடாதீர்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும். டி.சி.யில் அது எளிதில் அணையாது, எம்.சி.பி. உருகி எரியவும் கூடும். ஃபியூஸும் கான்டாக்டரும் டி.சி.க்கு என்று எழுதியதாக, 87.6 வோல்ட்டைத் தாண்டிய அளவுள்ளதாக, கிட் பட்டியலில் இருக்கும் அதே ரகமாக இருக்கட்டும். கன்ட்ரோலரின் கெபாசிட்டரை முதலில் மெதுவாக நிரப்பும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரை விட்டுவிட்டால், சாவி போட்ட நொடியில் பாயும் மின்சாரத்தில் கான்டாக்டரின் முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாவியை எடுத்தாலும் மின்சாரம் நிற்காது.

8. கன்ட்ரோலரைப் பழக்குதல்

முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் நிற்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஆம்பியர் எல்லையைக் குறைத்து வைத்துத்தான், கன்ட்ரோலர் தன் மோட்டாரின் அளவுகளை அறிந்துகொள்ளும் சோதனையை ஓட்ட வேண்டும். மூன்று ஃபேஸ் வயரின் வரிசை தப்பினால் மோட்டார் உதறும், உறுமும், ஆம்பியர் எகிறும். உடனே நிறுத்திவிடுங்கள்.

சூட்டு சென்சாரின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். எனக்கு இரண்டு நாள் தின்ற விஷயம் இது. மோட்டாரில் இருந்தது பி.டி. 1000, கன்ட்ரோலரில் கே.டி.ஒய். 84 என்று அமைந்திருந்தது. காலையில் ஆறிக் கிடந்த மோட்டாரையே 110 டிகிரிக்கு மேல் என்று காட்டி விசையைக் குறைத்துக்கொண்டது. மோட்டாரே பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

9. ஓட்டிப் பார்ப்பது, மழை, வைக்கோல்

முதல் 100 கிலோமீட்டர் பாதி ஆம்பியரில் ஊருக்குள். பிறகு எல்லா லக் போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்குங்கள், ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். அதன்பின் ஆள் ஏற்றிப் பாலம்.

எஞ்சின் இல்லை, புகைக்குழாய் இல்லை, அதனால் வெள்ளத்தில் இறக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஐ.பி. 67 என்பது நின்ற நீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் சோதனை. ஓடும் சூட்டில் இருக்கும் மோட்டார் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை இழுக்கும். சக்கரத்தின் நடு உயரத்துக்கு நீர் இருந்தால் திரும்பிவிடுங்கள்.

நம் ஊருக்கே உரியது வைக்கோல். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல்மேல் ஏறினால் டிரைவ் ஷாஃப்டில் கயிறு போலச் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும், சூடான மோட்டாரின் அடியில் தங்கினால் தீப்பிடிக்கவும் கூடும். அடியில் ஒரு தகடு அடித்துக்கொள்ளுங்கள், 1,200 ரூபாய்க்குள் முடியும்.

சார்ஜ் செய்ய வயல் பம்புசெட் இணைப்பை ஒருபோதும் எடுக்காதீர்கள். அது பாசனத்துக்கு இலவசமாகத் தரும் மின்சாரம். வீட்டு இணைப்பில், தனி எர்த் போட்ட 15 ஆம்பியர் பிளக்கில் இரவில் போட்டால் காலையில் நிறைந்திருக்கும்.

10. பதிவு: 14 நாள்

மாற்றம் முடிந்த 14 நாளுக்குள் உங்கள் பகுதிப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று, கிட் ஒப்புதல் நகல், பொருத்துநரின் அங்கீகாரக் கடிதமும் அவர் கையெழுத்திட்ட பொருத்தல் சான்றும், ஜி.எஸ்.டி. பில், கடன் இருந்தால் சம்மதக் கடிதம். பில்லிலும் பொருத்தல் சான்றிலும் மோட்டார் எண் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். என் பில்லில் ஓர் எண் மாறியிருந்ததால் ஒன்பது நாள் போனது. மோட்டாரை உள்ளே இறக்குவதற்கு முன்பே எண் தெரியப் படம் எடுத்துவிடுங்கள், பூட்டிய பிறகு அந்தப் பக்கம் கண்ணுக்கே படாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அதே வாரத்தில் எழுதி, பாலிசியில் மாற்றத்தைச் சேர்த்த தாளை வாங்குங்கள். பச்சை நம்பர் பிளேட் ஏற்கெனவே இருந்தால் அதில் வேலை இல்லை.

எனக்கு ஆன செலவு: மோட்டாரும் கன்ட்ரோலரும் 1,10,000, பி.எம்.எஸ். 14,000, கேபிள், லக், ஃபியூஸ், கான்டாக்டர் 16,000, லேத்தும் சீலும் ரப்பரும் 6,500, வீட்டுக்கே வந்து இரண்டு நாள் வேலை பார்த்த பொருத்துநருக்கு 12,000. அலுவலகக் கட்டணம் இதில் சேரவில்லை.

புது விவரத்தோடு ஆர்.சி. கைக்கு வரும்வரை பழைய மோட்டாரையும் கன்ட்ரோலரையும் விற்காமல், சாக்கில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.